90 விநாடிக் கெடு

பெங்களூர் ஒயிட்ஃபீல்டில் எங்கள் லேபில் லினக்ஸ் ஓடும் ஒரு பழைய சர்வர் இருக்கிறது. அதோடு 24 டிஸ்க் கொண்ட பெட்டி ஒன்றும் இணைத்திருக்கிறோம். பெட்டியை எஸ்.பி. ரோட்டில் செகண்ட் ஹேண்டில் பேரம் பேசி வாங்கினோம். சத்தம் அதிகம், சூடு அதிகம். ஆனால் சோதனை டேட்டாவைக் கொட்டி வைக்க அதைவிட மலிவான இடம் கிடையாது.

ஒரு சனிக்கிழமை, கட்டடத்தில் மின்சாரப் பராமரிப்பு வேலை. சாயங்காலம் கரண்ட் திரும்பியதும் மற்ற மெஷின்கள் எல்லாம் எழுந்துவிட்டன. இது மட்டும் எழவில்லை. கறுப்புத் திரையில் சிவப்பு நட்சத்திரங்கள் இடமும் வலமுமாக ஓடிக்கொண்டிருந்தன. பக்கத்தில் விநாடிகள் ஏறின, எதிரே எல்லை என்று 1 நிமிடம் 30 விநாடி போட்டிருந்தது. அந்த எல்லை வந்ததும் நட்சத்திரங்கள் நின்றன. அவசர நிலைக்கு வந்திருப்பதாக அறிவித்துவிட்டு ரூட் பாஸ்வேர்டை, அதாவது நிர்வாகியின் பாஸ்வேர்டைக் கேட்டது மெஷின்.

"அண்ணா, பெட்டி போயிடுச்சு போல. எஸ்.பி. ரோடு சரக்கு, நான் அப்பவே சொன்னேன்ல" என்றார் கூட வேலை பார்க்கும் தென்காசித் தம்பி.

பாஸ்வேர்டைப் போட்டு உள்ளே போய் டிஸ்க் பட்டியலைக் கேட்டேன். 24 டிஸ்க்கும் வரிசையாக நின்றன, ஒன்றுகூடக் குறையவில்லை. லினக்ஸின் மையப் பகுதியான கெர்னல் எழுதி வைக்கும் பதிவைப் புரட்டினால் விஷயம் தெரிந்தது. கடைசி டிஸ்க் வந்து சேர்ந்தது கெர்னல் எழுந்த 112ஆவது விநாடியில். 90 விநாடிக் கெடுவின் எண்ணிக்கை தொடங்கியதோ கெர்னல் எழுந்து ஏழு விநாடி கழித்து. கணக்குப் போட்டால் 15 விநாடி தாமதம். வீட்டைப் பூட்டிக்கொண்டு படுத்த பிறகு மகன் ஊரிலிருந்து வந்து திண்ணையில் உட்கார்ந்திருந்த மாதிரிதான்.

இந்த 90 எங்கிருந்து வந்தது? அந்தப் பெட்டியைப் பார்த்து யாரும் வைத்த எண் இல்லை. இன்று பெரும்பாலான லினக்ஸ் விநியோகங்களில் மெஷினை எழுப்பி நிறுத்தும் வேலையைச் செய்வது சிஸ்டம்டி. ஒரு சர்வீஸ், அதாவது பின்னணியில் ஓடும் நிரல், தொடங்க அது டீஃபால்டாகக் கொடுக்கும் அவகாசம் 90 விநாடி. எந்த டிஸ்க்கை எங்கே இணைப்பது என்று பட்டியலிடும் எப்எஸ்டேப் கோப்பில் எழுதியிருக்கும் டிஸ்க் கண்ணில் படவும் அதே 90தான். எஸ்எஸ்டி போட்ட லேப்டாப்புக்கு அது ஒரு யுகம். எங்கள் பெட்டிக்குப் போதவில்லை.

பெட்டி ஏன் அவ்வளவு நேரம் எடுத்துக்கொள்கிறது என்பதில் மர்மம் ஒன்றும் இல்லை. சுழலும் டிஸ்க் ஒன்று நின்ற நிலையிலிருந்து வேகம் பிடிக்கும்போது 12 வோல்ட் இணைப்பில் சுமார் 2 ஆம்பியர் வரை இழுக்கும். சுற்ற ஆரம்பித்த பிறகு அந்த அளவு தேவைப்படாது. 24ம் ஒரே நேரத்தில் கிளம்பினால் பவர் சப்ளை தாங்காது. இங்கே அபார்ட்மென்ட்டில் இருப்பவர்களுக்கு இது பழகிய சங்கதி. ஜெனரேட்டர் ஓட ஆரம்பித்ததும் லிஃப்ட், போர்வெல் மோட்டார், எல்லா வீட்டு ஏசியும் ஒன்றாகக் கிளம்பினால் டிரிப் ஆகிவிடும். அதனால் செக்யூரிட்டி அண்ணன் ஒவ்வொரு சுவிட்சாகப் போட்டுக்கொண்டு வருவார். டிஸ்க் கன்ட்ரோலரும் அதைத்தான் செய்கிறது. இரண்டு மூன்று டிஸ்க்கைக் கிளப்பும், அவை வேகம் பிடித்த பிறகு அடுத்தவை. வேண்டுமென்றே செய்கிற தாமதம் இது. மேலே உட்கார்ந்து விநாடி எண்ணும் மென்பொருளுக்கு இந்த ஏற்பாடு தெரியாது.

இப்போது உள்ளே கொஞ்சம் பார்ப்போம். கெர்னல் எழும்போது மெஷினின் உள் இணைப்புத் தடங்களில் (பஸ்) என்னென்ன வன்பொருள் செருகியிருக்கிறது என்று பார்த்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு செய்தி அனுப்புகிறது. அந்தச் செய்தியை வாங்கிக்கொள்வது யுடெவ் என்ற நிரல். அது ஒரு வேலையாளை (அதுவும் ஒரு சின்ன நிரல்தான்) அனுப்பி, அந்த வன்பொருளை இயக்கத் தெரிந்த டிரைவர் மாட்யூலை ஏற்றச் சொல்கிறது. மாட்யூல் நினைவகத்தில் ஏறி, 'நான் வந்துவிட்டேன், இன்னின்ன வன்பொருளை நான் பார்த்துக்கொள்கிறேன்' என்று கெர்னலில் பெயரைப் பதிவு செய்கிறது. இதுவரை மில்லிவிநாடிக் கணக்கு. அடுத்து டிரைவர் நிஜமான வன்பொருளோடு பேச வேண்டும்: ரீசெட் செய்ய வேண்டும், ஃபர்ம்வேரை ஏற்ற வேண்டும், டிஸ்க்குகளை எண்ண வேண்டும். இதற்குப் புரோப் என்று பெயர். விநாடிகளும் நிமிடங்களும் இங்கேதான் கரைகின்றன.

ஏற்றுவதும் புரோப் செய்வதும் வேறு வேறு வேலைகள். ஆனால் லினக்ஸ் கெர்னலில் இரண்டும் வெகுகாலமாக ஒரே மூச்சில் நடந்தன. மாட்யூலை ஏற்று என்று யுடெவ் ஆள் கேட்டால், பெயர்ப் பதிவும் நடந்து, இருக்கிற எல்லா வன்பொருளையும் புரோப் செய்தும் முடித்த பிறகுதான் கெர்னலிடமிருந்து பதில் வரும். மாட்யூல் ஏறுவதற்கான கெடு என்று நினைத்து வைக்கிற எண், உண்மையில் டிஸ்க் சுழல்வதற்கும் சேர்த்து வைத்த கெடுவாகிவிடுகிறது. இந்தத் துறையில் நடந்த பெரிய குழப்பத்தின் வேர் இதுதான்.

2012 தொடக்கத்தில் யுடெவில் ஒரு மாற்றம் வந்தது. ஒரு வேலையாள் 30 விநாடிக்கு மேல் ஒரே வேலையில் சிக்கிக்கொண்டிருந்தால் அவனைக் கொன்றுவிடுவது என்று முடிவு. அதில் நியாயம் உண்டு. யுடெவ் விதிகளில் வெளி நிரல்களை ஓட்டலாம், அவற்றில் ஏதாவது ஒன்று தொங்கிப்போனால் வரிசை முழுவதும் நின்றுவிடும். 30 விநாடி தாராளமான அவகாசம் என்றுதான் தோன்றியிருக்கும். அந்த எண்ணை வைத்தவர் மனதில் இருந்தவை தொங்கிப்போன ஸ்கிரிப்டுகளாகத்தான் இருக்கும். நிமிடக்கணக்கில் புரோப் ஆகும் சேமிப்பகக் கன்ட்ரோலரை அவர் நினைத்திருக்க வாய்ப்பில்லை என்பது என் ஊகம்.

இதில் வேடிக்கை என்னவென்றால், அடுத்த இரண்டு ஆண்டுகள் அந்தக் கெடு டிரைவர்களை ஒன்றும் செய்யவில்லை. யுடெவ் 30ஆவது விநாடியில் கொலைச் சமிக்ஞை அனுப்பும். ஆனால் அந்த ஆள் அப்போது கெர்னலுக்குள் மாட்யூலை ஏற்றிக்கொண்டிருப்பான். கெர்னலுக்குள் இப்படிக் காத்திருப்பவர்களின் காதில் எந்தச் சமிக்ஞையும் விழாது, அந்த வேலை முடிந்து வெளியே வரும்போதுதான் விழும். டிரைவர் நிதானமாக 50 விநாடியோ 60 விநாடியோ எடுத்துக்கொண்டு டிஸ்க்கைக் கண்டுபிடித்துவிடும். அதன் பிறகு வேலையாள் செத்தால் யாருக்கு என்ன? கெடு இருந்தது, ஆனால் அதற்குப் பல் இல்லை.

பல் முளைத்தது 2013 கடைசியில், முற்றிலும் வேறு ஒரு காரணத்துக்காக. கெர்னலில் புதிய உள் இழை (த்ரெட்) ஒன்றை உருவாக்கும்போது, கேட்டவர் அது உருவாகும் வரை காத்திருக்க வேண்டும், அந்தக் காத்திருப்பைக் கலைக்க முடியாது. நினைவகம் தீர்ந்துபோன நேரத்தில் இது ஆபத்து. நினைவகத்தை விடுவிக்க ஒரு நிரலைக் கொல்ல கெர்னல் தீர்மானிக்கிறது, ஆனால் அந்த நிரலோ கலைக்க முடியாத காத்திருப்பில் உட்கார்ந்திருக்கிறது. அது காத்திருப்பதோ நினைவகம் கிடைக்காமல் நிற்கும் இன்னொருவருக்காக. ஒருவர் காலை ஒருவர் பிடித்துக்கொண்டு இருவரும் நகர முடியாது. டெட்சுவோ ஹண்டா என்ற கெர்னல் நிரலாளர் இதைத் திருத்தினார்: அந்தக் காத்திருப்பைச் சமிக்ஞை கலைக்கலாம் என்று மாற்றினார். சரியான திருத்தம். 3.13 கெர்னலில் அது வந்தது.

அதன் விளைவு, யுடெவின் 30 விநாடிச் சமிக்ஞைக்கு உயிர் வந்தது. சில டிஸ்க் கன்ட்ரோலர் டிரைவர்கள் புரோபின் நடுவில் உள் இழை ஒன்றை உருவாக்கும். 30 விநாடி கடந்த பிறகு அந்த இடத்துக்கு வந்தால், கொலைச் சமிக்ஞை ஏற்கெனவே காத்திருக்கிறது, இழை உருவாக்கம் உடனே தோற்கிறது. டிரைவர் அதை வன்பொருள் கோளாறு போல எடுத்துக்கொண்டு எல்லாவற்றையும் சுருட்டிவிட்டுப் போய்விடும். நேற்று வரை எழுந்த சர்வர், கெர்னலை மேம்படுத்தியதும் தன் டிஸ்க்கையே காணோம் என்று நின்றது. எம்பிடிசாஸ் என்ற பழைய டிஸ்க் கன்ட்ரோலர் டிரைவர் இதில் அடிபட்டது. சிஎக்ஸ்ஜிபி4 என்ற நெட்வொர்க் கார்டு டிரைவரும் இதே விவாதத்தில் வந்தது. 3.13 கெர்னலோடுதான் உபுண்டு 14.04 வெளியானது, அது சர்வர்களில் பரவலாக ஓடிய பதிப்பு.

யார் மேல் தப்பு? யுடெவ் ஆட்களைக் கேட்டால், மாட்யூலை ஏற்ற 30 விநாடிக்கு மேல் எடுக்கும் டிரைவர்தான் கெட்ட டிரைவர் என்பார்கள். டிரைவர் ஆட்களோ, நாங்கள் ஏற்றுவதற்கு நேரம் எடுக்கவில்லை, வன்பொருள் எழ நேரம் எடுக்கிறது, ஏற்றுவதையும் புரோபையும் ஒட்ட வைத்தது கெர்னல் என்பார்கள். இரண்டு பக்கமும் சொல்வது சரிதான், அதனால்தான் 2014 முழுக்க விவாதம் இழுத்தது. லூயிஸ் ரோட்ரிகஸ் என்பவர் புரோபைத் தனியாகப் பின்னணியில் ஓட விடலாம் என்று திருத்தங்களை அனுப்பினார். கேட்க எளிதாக இருந்தாலும் அதில் ஒரு சிக்கல். மாட்யூல் ஏறி முடிந்தது என்றால் வன்பொருள் தயார் என்று நம்பி எழுதிய ஸ்கிரிப்டுகள் உலகெங்கும் கிடக்கின்றன. எல்லா டிரைவரையும் பின்னணிக்குத் தள்ளினால் அவை ஒவ்வொன்றாக உடையும். கடைசியில் 2015-இல், 4.2 கெர்னலில், விரும்புகிற டிரைவர் மட்டும் பின்னணிப் புரோபைத் தேர்ந்துகொள்ளலாம் என்ற ஏற்பாடு வந்தது. குறிப்பிட்ட ஒரு மாட்யூலுக்கு மட்டும் அதை நாமே, கெர்னல் எழும்போது அதற்குக் கொடுக்கும் துவக்க வரியில் போட்டுக்கொள்ளவும் வழி இருக்கிறது.

அதற்கு முன்பே யுடெவ் தன் எண்ணை உயர்த்திக்கொண்டது. 30, 60 ஆனது, அப்புறம் 180. இன்று வரை 180 விநாடிதான் டீஃபால்ட். அதில் மூன்றில் ஒரு பங்கு கடந்ததும், அதாவது 60ஆவது விநாடியில், இந்த வேலை ரொம்ப நேரம் எடுக்கிறது என்று பதிவேட்டில் ஒரு வரி எழுதுகிறது. எனக்கு மிகவும் பிடித்த மாற்றம் இந்த ஒற்றை வரிதான். கொல்வதற்கு முன் புலம்புகிற கெடு, புலம்பாமல் கொல்கிற கெடுவைவிட ஆயிரம் மடங்கு மேல்.

எங்கள் பெட்டிக்குத் திரும்பலாம். அதற்கு யுடெவின் 180 போதும், டிரைவரை யாரும் கொல்லவில்லை. பதிவேட்டில் அந்தப் புலம்பல் வரிகூட இருந்தது. டிஸ்க்கை எதிர்பார்த்து உட்கார்ந்திருந்த சிஸ்டம்டிதான் 90இல் பொறுமை இழந்தது. இரண்டும் ஒரே திட்டத்தின் பிள்ளைகள், 2012-இலிருந்து ஒரே குடும்பம். ஆனாலும் ஒருவர் 180 விநாடி வரை உழைக்கலாம் என்று அனுமதிக்கிறார், அவருடைய வேலைக்காகக் காத்திருப்பவர் 90இல் எழுந்து போய்விடுகிறார். நடுவில் யுடெவ் வேலைகள் எல்லாம் முடியட்டும் என்று காத்திருக்கும் கட்டளை ஒன்று உண்டு, அதன் டீஃபால்ட் 120. கெர்னலில் ஒரு நிரல் கலைக்க முடியாத காத்திருப்பில் அசையாமல் கிடந்தால் எச்சரிக்கும் காவலாளிக்கும் வழக்கமாக 120தான். ஸ்கஸி என்ற முறையில் பேசும் டிஸ்க்குக்கு அனுப்பும் ஒரு கட்டளைக்கு 30. இந்த எண்களை ஒரே தாளில் எழுதிப் பார்த்தால், ஒரே கல்யாண வீட்டில் ஆளுக்கொரு முகூர்த்த நேரம் சொல்லி அழைத்த மாதிரி இருக்கும். வெளியே நிற்கிறவரின் கெடு, உள்ளே வேலை செய்கிறவரின் கெடுவைவிடப் பெரிதாக இருக்க வேண்டும் என்பது எளிய கணக்கு. டீஃபால்ட் எண்கள் அந்த வரிசையில் இல்லை.

"கெடுவே வேண்டாம், வர்ற வரைக்கும் காத்திருக்கட்டும்னு விட்டா என்ன அண்ணா?" என்று தம்பி கேட்டார். நல்ல கேள்வி. அப்படியும் செய்யலாம். சிஸ்டம் இருக்கும் ரூட் டிஸ்க் வரும் வரை காலவரையின்றிக் காத்திரு என்று கெர்னலுக்குச் சொல்லும் ஒரு வார்த்தை பல வருடங்களாக இருக்கிறது, மெமரி கார்டிலிருந்து எழும் சின்ன போர்டுகளில் அதைத்தான் போடுவார்கள். ஆனால் டிஸ்க் நிஜமாகவே செத்திருந்தால்? மெஷின் எழாது, நெட்வொர்க் வராது, தொலைவிலிருந்து நுழைய முடியாது. நான் எலக்ட்ரானிக் சிட்டிப் பக்கம் குடியிருக்கிறேன், மெஷின் ஒயிட்ஃபீல்டில். நடுவில் சில்க் போர்டு டிராஃபிக். அதைச் சொன்னாலே பெங்களூர்க்காரர்களுக்குப் புரியும். காத்திருப்பது இலவசம் இல்லை.

ஆனால் ஒன்று, டீஃபால்ட் கெடுவும் என்னை அந்தப் பயணத்திலிருந்து காப்பாற்றவில்லை. அவசர நிலையிலும் நெட்வொர்க் கிடையாது. 90 விநாடியில் கைவிட்டாலும், கைவிடாமல் நாள் முழுக்க நின்றாலும், விசைப்பலகை முன்னால் ஒரு ஆள் போய் உட்கார வேண்டும். எதற்காகக் கெடு வைத்தார்களோ, அந்தப் பயன் எங்கள் விஷயத்தில் கிடைக்கவில்லை.

தேடினால் கிடைக்கிற முதல் ஆலோசனை, எப்எஸ்டேப் வரியில் நோஃபெயில் என்று சேர்த்துவிடு என்பதுதான். டிஸ்க் வராவிட்டாலும் மெஷின் எழுந்துவிடும். தம்பி அதைப் போடப் போனார், நான் தடுத்தேன். நோஃபெயில் போட்டால் சிஸ்டம்டி அந்த டிஸ்க்குக்காகத் துவக்கத்தை நிறுத்தி வைக்காது. டேட்டா எழுதும் எங்கள் சர்வீஸ், டிஸ்க் இன்னும் சுழன்றுகொண்டிருக்கும்போதே ஓட ஆரம்பிக்கும். டிஸ்க் மவுன்ட் ஆக, அதாவது வந்து இணைய வேண்டிய இடத்தில் வெறும் காலி ஃபோல்டர் இருக்கும், சர்வீஸ் அதில் சந்தோஷமாக எழுதத் தொடங்கும். கொஞ்ச நேரம் கழித்து டிஸ்க் வந்து அதன் மேலேயே மவுன்ட் ஆகும். எழுதியதெல்லாம் அடியில் மறைந்து, சின்ன ரூட் டிஸ்க்கை நிரப்பிக்கொண்டு கிடக்கும். இதில் நான் ஒரு தடவை மாட்டியிருக்கிறேன், வேறு ஊர், வேறு வேலை. 200 ஜிபி எங்கே போனது என்று தேட ஒரு ராத்திரி ஆனது. நோஃபெயில் போடுவதானால், இந்த மவுன்ட் இருந்தால்தான் ஓட வேண்டும் என்று அந்தச் சர்வீஸின் கோப்பிலும் எழுத வேண்டும். இரண்டும் சேர்ந்தால் மெஷின் எழும், தொலைவிலிருந்து நுழையலாம், சர்வீஸ் மட்டும் டிஸ்க்குக்காகக் காத்திருக்கும்.

இத்தனைக்கும் எல்லா வன்பொருளும் இப்படி வாய் மூடிக்கொண்டிருப்பதில்லை. வேகமான எஸ்எஸ்டிகளுக்கான என்விஎம்இ தரம் எழுதியவர்கள் இதை யோசித்திருக்கிறார்கள். அந்த வகை எஸ்எஸ்டி ஒவ்வொன்றும், நான் தயாராக அதிகபட்சம் இவ்வளவு நேரம் ஆகலாம் என்று தன் பதிவகத்தில் எழுதி வைத்திருக்கும். எட்டு பிட் எண், அலகு அரை விநாடி. ஆகவே உச்சம் 127.5 விநாடி. டிரைவர் அதைப் படித்து அத்தனை நேரம் காத்திருக்கிறது, ஊகத்துக்கு வேலையில்லை. ஆனால் இங்கேயும் மேலே உட்கார்ந்திருக்கும் 90க்கு இந்தத் தகவல் போவதில்லை. ஒரு டிஸ்க் 100 விநாடி கேட்டால் டிரைவர் சரி என்னும், சிஸ்டம்டி கதவைப் பூட்டும்.

போன்களிலும் ஏஆர்எம் வகைச் சிப் போட்ட போர்டுகளிலும் பிரச்சினைக்கு வேறு முகம். அங்கே ஒரு டிரைவர் இன்னொன்றை நம்பி நிற்கும்: கேமராவுக்கு மின்சாரம் கொடுக்கும் சிப்பின் டிரைவர் முதலில் வர வேண்டும், அது வராவிட்டால் கேமரா டிரைவர் 'அப்புறம் வருகிறேன்' என்று திரும்பிவிடும். 2012-இல் வந்த 3.4 கெர்னலிலிருந்து இந்த ஏற்பாடு உண்டு. எத்தனை தடவை திரும்பி வருவது? மாட்யூல் வசதியோடு கட்டிய இன்றைய கெர்னலில் அதற்கு டீஃபால்ட் 10 விநாடி. ஆனால் புதிதாக ஏதாவது ஒரு டிரைவர் பதிவாகும்போதெல்லாம் கடிகாரம் மறுபடி முதலிலிருந்து ஓடும். வேலை நகர்ந்துகொண்டிருக்கும் வரை பொறு, நகர்வு நின்ற பிறகு எண்ணு என்ற ஏற்பாடு. டிஸ்க் பக்கத்துக்கும் இதே புத்தி வந்திருக்கலாம். எங்கள் பெட்டியில் நாலைந்து விநாடிக்கு ஒரு டிஸ்க் வந்துகொண்டேதான் இருந்தது.

விண்டோஸ்காரர்களுக்கும் இந்தத் தலைவலி தெரியும். அங்கே சர்வீஸ் பதில் சொல்ல டீஃபால்ட் 30 விநாடி, ரெஜிஸ்ட்ரியில் மில்லிவிநாடியில் மாற்றிக்கொள்ளலாம். கிராஃபிக்ஸ் கார்டு 2 விநாடி அசையாவிட்டால் டிரைவரையே மீட்டமைத்துவிடும். திரை உறைந்தால் எதிரே ஆள் உட்கார்ந்திருக்கிறார் என்பதால் அங்கே பொறுமை குறைவு, அது நியாயம்தான்.

எங்கள் மெஷினில் கடைசியில் என்ன செய்தோம்? முதலில் மூன்று தடவை முழுசாக அணைத்துப் போட்டு அளந்தோம். வெறும் ரீபூட் செய்தால் டிஸ்க்குகள் சுழன்றுகொண்டேதான் இருக்கும், எல்லாம் 20 விநாடிக்குள் வந்துவிடும். கரண்ட் போய் வந்தால்தான் முழு நேரமும் தெரியும். அதனால்தான் இத்தனை மாதம் இது யார் கண்ணிலும் படவில்லை, எத்தனையோ தடவை ரீபூட் செய்திருக்கிறோம். மூன்று அளவும் 109க்கும் 114க்கும் நடுவில் வந்தன. அந்த ஒரு மவுன்ட்டுக்கு மட்டும் காத்திருப்பை 300 விநாடியாக்கினோம், நோஃபெயில் சேர்த்தோம், சர்வீஸின் கோப்பில் மவுன்ட் நிபந்தனையை எழுதினோம். யுடெவின் 180ஐத் தொடவில்லை, இன்னும் ஒரு பெட்டி வாங்கினால்தான் அதற்கு வேலை.

தம்பி அந்த வரிக்கு மேலே ஒரு குறிப்பு எழுதி வைத்திருக்கிறார், தமிழிலேயே: '24 டிஸ்க், கரண்ட் போய் வந்தால் 114 வரை ஆகும், ரீபூட் செய்து பார்த்துவிட்டு 300ஐக் குறைக்காதீர்கள்.' கீழே தேதியும் போட்டிருக்கிறார்.